மணற்கடிகாரத்தின் மேல் ஒரு சக்கரவர்த்தி

உயர்தரத்தில் நான் சித்திரப் பாடம் எடுத்தது உம்மும்மாவுக்குப் பிடிக்கவில்லை. உருவம் வரைவது நமக்கு ஆகாது என்பார். ஒருநாள் நான் விரித்து வைத்திருந்த புத்தகத்தில் ஒரு படத்தைக் கண்டு, "இந்த வெள்ளைத் தாடி ஹஸரத் யாரு மகள்?" என்று கேட்டார். பக்கத்தில் பென்னம்பெரிய ஒளிவட்டத்தோடு வீற்றிருந்த சக்கரவர்த்தியை அவர் பொருட்படுத்தவே இல்லை.

அந்தச் சக்கரவர்த்தி ஜஹாங்கீர். 1615 – 1618 அளவில் பிச்சித்ர் என்ற ஓவியர் தீட்டிய சிற்றோவியம் அது. உயரம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர்தான். நம் கொப்பித் தாள் அளவு. அதற்குள் ஓர் உலகமே இருக்கிறது. மணற்கடிகாரத்தின் மேல் அமர்ந்த ஜஹாங்கீர், ஷெய்க் ஹுசைன் என்ற ஸூபிக்கு ஒரு நூலைக் கொடுக்கிறார். ஷெய்க் அதை வெறுங்கையால் தொடாமல் தன் சால்வையில் ஏந்துகிறார். அவருக்குக் கீழே உஸ்மானிய சுல்தான் ஒருவரும் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸும் நிற்கிறார்கள். ஜஹாங்கீர் அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

உண்மையில் ஜஹாங்கீர் ஜேம்ஸை நேரில் கண்டதில்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்த படம் ஒன்றைப் பார்த்தே அந்த முகம் வரையப்பட்டது. ஆகவே இது நடந்த காட்சி அல்ல, அரசர் தன்னைப் பற்றி உலகுக்குச் சொல்ல விரும்பிய செய்தி. அரசர்களை விட இறைநேசரே எனக்குப் பெரியவர் என்கிறார். ஆனால் அந்தப் படத்தில் எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது அவருடைய ஒளிவட்டம்தான்! எனக்கு இதில் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

நம் கண்டி மன்னர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நாயக்கர் குலத்தவர், தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். 1760இல் பிரதானிகள் சிலர் அவரைக் கொல்லவே சதி செய்தார்கள். அவர் புதுப்பித்த தம்புள்ளைக் குகை விகாரையில், புத்தர் சிலைகளுக்கு நடுவே அவருடைய சிலையும் நிற்கிறது. பின்சுவரில் பணியாளர்கள் வர்ணத்தில் நிற்கிறார்கள். அந்நியன் என்று முணுமுணுத்தவர்களுக்கு அவர் கொடுத்த பதில் அது என்றே நான் நினைக்கிறேன்.

உருவம் வரைவது பற்றிய உம்மும்மாவின் கேள்வி அக்பரின் அவையிலும் எழுந்ததுதான். உறுப்பு உறுப்பாக வரைகிற ஓவியன், தன்னால் உயிர் கொடுக்க முடியாது என்று உணரும்போது இறைவனை நினைக்கிறான் என்று அக்பர் கருதியதாக அபுல் பஸல் எழுதி வைத்திருக்கிறார். இதை நான் சொன்னபோது உம்மும்மா பதில் பேசவில்லை. படத்தின் கீழ் மூலையைக் காட்டி, "இந்த மஞ்சள் உடுப்புக்காரர்?" என்றார்.

"அவர்தான் இதை வரைந்த பிச்சித்ர்."

"பெயர் எழுதல்லியா?"

அரசர் கால் வைத்து ஏறும் சிறு படியைக் காட்டினேன். தன் பெயரை அங்கேதான் எழுதியிருக்கிறார். உம்மும்மா மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.