நடந்தாலும் டிரையத்லான்தான்

டிரையத்லான் என்றாலே பலருக்கு அயர்ன்மேன்தான் நினைவுக்கு வருகிறது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் ஒரு முழு மாரத்தான். நம்மைப் போன்றவர்களுக்கு அவ்வளவு வேண்டாம். எங்கள் குடியிருப்பில் நாங்கள் நடத்துவது 400 மீட்டர் நீச்சல், 10 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, பேரன் பேத்தி எடுத்தவர்கள் என்று எல்லோரும் வருகிறார்கள். 1974-இல் சான் டியாகோவில் நடந்த முதல் டிரையத்லானே ஓர் ஓட்டக் கழகத்தார் புதன்கிழமை சாயங்காலம் ஆசைக்கு வைத்துப் பார்த்ததுதான். கலந்துகொண்டவர்கள் 46 பேர்.

புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது நீச்சலுக்குத்தான். சிக்கல் கைகாலில் இல்லை, மூச்சில் இருக்கிறது. முகம் தண்ணீருக்குள் போனதும் மூச்சை அடக்கிக்கொள்கிறோம். தலையைத் தூக்கும் அரை நொடியில் பழைய காற்றை விட்டுப் புதியதை இழுக்க முடியாமல் திணறுகிறோம். எனவே முதலில் குளத்தின் ஓரத்தைப் பிடித்தபடி, முகத்தை முக்கி, மூக்கு வழியே குமிழி குமிழியாக மூச்சு விடப் பழகுங்கள். தலை வெளியே வரும்போது இழுப்பது மட்டுமே வேலையாக இருக்க வேண்டும். இது கைவந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். எந்தப் பாணியிலும் நீந்தலாம்; நடுவில் மிதவையைப் பிடித்து நின்று இளைப்பாறலாம், அதைப் பிடித்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். சர்வதேசப் போட்டி விதிகளே இதற்கு இடம் கொடுக்கின்றன.

சைக்கிளுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். வீட்டில் இருப்பதே போதும். டயரில் காற்று, பிரேக், சீட் உயரம் மூன்றையும் பாருங்கள். பெடல் கீழே போகும்போது முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் உயரம் சரி. ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடுங்கள். ஷூவுக்குள் கொஞ்சம் பவுடர் தூவி வைத்தால் ஈரக்கால் சட்டென்று உள்ளே போகும்.

உண்மையான சோதனை சைக்கிளை விட்டு இறங்கும்போதுதான். இவ்வளவு நேரம் வட்டமடித்த தொடைகள் ஓட மறுக்கும்; இரும்பைக் கட்டிவிட்டது போல் இருக்கும். சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்று முன்பே தெரிந்தவர் பதறமாட்டார். அதற்காக வாரம் ஒருமுறை, சைக்கிள் ஓட்டி முடித்த கையோடு பத்து நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள்.

“தம்பி, நடந்தா தப்பில்லையே?” என்று ஓர் அம்மா கேட்டார்.

“தாராளமா நடங்கம்மா. நாங்க இருக்கோம்” என்றேன்.

அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதுதான் நடத்துபவரின் முதல் வேலை என்று நினைக்கிறேன். குளத்தருகே உயிர்காப்பாளர், வழியில் தண்ணீர், முதலுதவி எல்லாம் கடைசி ஆள் வரும்வரை அங்கேயே இருக்க வேண்டும். காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுங்கள். மெதுவாக வருகிறவர்தான் வெயிலில் மாட்டிக்கொள்வார்.