விழாத ரேகை

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ரேஷன் கடை இயந்திரத்தைப் பற்றி நான் எழுதியது உங்களைச் சுட்டிருக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. சென்னையில் அந்த மாதிரிக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலையில் இருக்கிறீர்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலையை, கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவர் குறை சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். "போலி அட்டையை ஒழித்தது யார்? இடைத்தரகரை ஒழித்தது யார்? உங்களுக்குத் தொழில்நுட்பமே பிடிக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடிக்கும் தம்பி. அரிசி மூட்டை லாரியோடு பக்கத்து மாநிலத்துக்குப் போன கதைகளை நான் சின்ன வயதிலிருந்து கேட்டவன். நாம் வாங்காத சர்க்கரைக்கு நம் அட்டையில் பதிவு போட்டிருப்பதைக் கண்ணால் பார்த்தவன். 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வந்து, வாங்கினால் ஃபோனுக்குக் குறுஞ்செய்தி வரத் தொடங்கியபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். உங்களுக்கும் எனக்கும் வழக்கு அதில் இல்லை. வழக்கு எங்கே என்று சொல்ல, என் பெரியம்மாவின் வலது கட்டைவிரலில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

பெரியம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்தவர். பாத்தியில் வாரிக் குவித்த உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டுவது அவர் வேலை. அந்தத் தண்ணீரும் உப்பும் வெயிலும் காலைப் புண்ணாக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கைக்கு என்ன செய்யும் என்று எனக்கே 2020க்குப் பிறகுதான் உறைத்தது. கொத்திப் பல வருஷமான அம்மி எப்படி வழவழவென்று இருக்கும், அப்படி இருக்கிறது அவர் விரல். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஓரத்தில் நாலைந்து கோடு தெரியும். நடுவில் ஒன்றும் இல்லை.

உங்கள் கருவி தேடுவது அந்த நடுவைத்தான். கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்று புள்ளி புள்ளியாக எடுத்து, பதிவில் உள்ளதோடு ஒப்பிட்டு, ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் வரும். இதை நீங்கள் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, படித்துத் தெரிந்துகொண்டேன். உப்பளத்துப் பெண், கொத்தனார், சலவைக்காரர், பீடி சுற்றுகிறவர், சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் கை வைத்துப் பிழைக்கிறவர், வயதானவர், இவர்களுக்கெல்லாம் அந்தப் புள்ளிகள் குறைவு. ரேஷன் அரிசி யாருக்கு முதலில் வேண்டும் என்று ஒரு வரிசை போட்டாலும் முக்கால்வாசி இதே ஆட்கள்தான் வருவார்கள்.

2020 அக்டோபரில் நம் கடைகளில் ரேகை வைக்கும் முறை வந்தது. அதன்பின் ஒரு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளத்தில் வேலை கிடையாது; அந்த மாதங்களில் அந்த ஊரில் பல வீடுகளில் உலை கொதிப்பதே ரேஷன் அரிசியில்தான். பெரியம்மா அப்போது வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார், தனியாள், ஒற்றை ஆள் கார்டு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு விழாவிட்டால் இன்னொருவர் வைக்கலாம். ஒற்றை ஆளுக்கு அந்த வசதி இல்லை.

முதல் நாள் நானும் கூடப் போயிருந்தேன். கட்டைவிரல், விழவில்லை. ஆள்காட்டி விரல், விழவில்லை. "தலையில தேய்ச்சிட்டு வைங்க பாட்டி" என்றார் கடைக்காரர். தலை எண்ணெய் பட்டால் கோடு பிடிக்கும் என்பது ரேஷன் கடையில் பழகிப்போன வைத்தியம். பெரியம்மா தலையில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, திரும்ப வைத்தார். சிவப்பு எழுத்தில் இங்கிலீஷில் ஏதோ வந்தது. அதைப் படித்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார், அதுதான் மொழிபெயர்ப்பு. ஃபோனுக்கு ஓ.டி.பி. அனுப்பிப் பார்த்தார். கார்டில் இருந்தது, ஊரை விட்டுப் போன பேரன் எப்போதோ தூக்கிப்போட்ட சிம் நம்பர்.

அந்தக் கடைக்காரர் நல்ல மனுஷர். இருபது வருஷமாகப் பெரியம்மாவைத் தெரியும். "எனக்குத் தெரியும் பாட்டி, மெஷினுக்குத் தெரியலியே" என்றார். வெளியே வந்து கல்லில் உட்கார்ந்த பெரியம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் இன்னாருன்னு ஊருக்கே தெரியும்யா. எங்கைக்குத் தெரியலியாமே" என்றார். அந்த மாதம் மூன்று தடவை நடந்தார். போகும் நாளுக்கு முந்தின ராத்திரி வெந்நீரில் விரலை ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் தேய்த்துப் படுப்பார், பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி. மூன்று தடவையும் வெறும் பையோடு வந்தார்.

இனி நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். ரேகை விழுந்தவருக்கு பில் உண்டு, குறுஞ்செய்தி உண்டு. பெரியம்மாவுக்கு மூன்று தடவையிலும் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கையில் இல்லை. வந்தார், நின்றார், கேட்டார், மறுக்கப்பட்டார் என்பதற்கு அவரிடம் ஆதாரமே கிடையாது. யாராவது கணக்கைத் திறந்து பார்த்தால், அந்த மாதம் அரிசி வாங்காத ஒரு கார்டு. அவ்வளவுதான். வாங்காத அரிசி மிச்சத்தில் ஏறும். போலி ஆளுக்குப் போகாமல் தடுத்த அரிசியும், பெரியம்மா உலைக்கு வராமல் நின்ற அரிசியும் அந்த மிச்சத்தில் ஒன்றாகவே கிடக்கும். "இயந்திரத்தால் இவ்வளவு மிச்சம்" என்று யாராவது சொன்னால், அதில் பெரியம்மா பங்கு எவ்வளவு என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. உங்களுக்கும் தோன்ற வேண்டும்.

இது ஒரு கிழவியின் கதை, விதிவிலக்கு என்று நினைக்காதீர்கள். 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரியே உச்ச நீதிமன்றத்தில் விளக்கிச் சொன்ன கணக்கு இருக்கிறது: நாடு முழுவதிலும் கைரேகைச் சரிபார்ப்பில் 6 சதவீதமும், கருவிழிச் சரிபார்ப்பில் 8.54 சதவீதமும் தோல்வி. தோல்வி என்றால் மறுப்பு என்று பொருளல்ல, மாற்று வழி உண்டு என்றும் அங்கே சொல்லப்பட்டது. அதே வருஷம் செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பில், நலத்திட்டங்களுக்கு ஆதார் கேட்பது செல்லும் என்று சொன்ன பெரும்பான்மை நீதிபதிகளே, சரிபார்ப்பு தவறியதற்காக உரியவருக்குப் பலன் மறுக்கப்படக்கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார்கள். சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் பெரியம்மா நின்ற வரிசை வரைக்கும் வந்து சேரவில்லை.

திருட்டைத் தடுத்தோம் என்கிறீர்கள். எந்தத் திருட்டை? இன்னொருவர் பேரில் வந்து வாங்கும் திருட்டைத் தடுத்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸும் மற்றவர்களும் பல வருஷமாகச் சொல்லிவரும் இன்னொரு திருட்டு உண்டு, எடையில் அடிப்பது. யார் வந்தார் என்று ரேகை சொல்லும். எத்தனை கிலோ பையில் விழுந்தது என்று அது சொல்லாது. ஜார்க்கண்டில் ஒன்றரைக் கோடி பயனாளிகளை உள்ளடக்கி கார்த்திக் முரளிதரனும் இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள். கைரேகை முறை வந்ததால் மட்டும் ஒழுக்கு குறிப்பிடும்படி குறையவில்லை. அதற்கு முன் ஆதாரை இணைக்காமலிருந்த 23 சதவீதம் பேருக்குக் கிடைத்துவந்த பலன் சராசரியாக 10 சதவீதம் குறைந்தது. அந்த 23 சதவீதத்தில் இருந்தவர்கள் யாராக இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

நூறு நாள் வேலையிலும் இதே கதை. 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து செயலி மூலம் வருகைப் பதிவு கட்டாயம் ஆனது. காலையில் ஒரு போட்டோ, பிற்பகலில் ஒரு போட்டோ. சிக்னல் இல்லாத கண்மாய்க் கரையில் போட்டோ ஏறாவிட்டால் மண் சுமந்தவருக்குத்தான் நஷ்டம். ஏமாற்றுகிறவன் போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றினான். இதை நான் சொல்லவில்லை, 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கையில் எழுதியது.

கடிதத்தின் கடைசியில் "நீங்கள் எந்தக் கட்சி?" என்று கேட்டிருந்தீர்கள். ஆதாருக்கான ஆணையத்தை 2009ல் அமைத்தது காங்கிரஸ் தலைமையிலான அரசு. அப்போது எதிரே உட்கார்ந்து குறை சொன்ன பா.ஜ.க., ஆட்சிக்கு வந்தபின் 2016ல் அதற்குச் சட்டமே கொண்டுவந்தது. ஸ்மார்ட் கார்டையும் ரேகை முறையையும் இங்கே கொண்டுவந்தது அ.தி.மு.க. ஆட்சி, தொடர்ந்தது தி.மு.க. ஆட்சி. எதிர்க்கட்சியாக இருக்கும்போது எல்லாருக்கும் பெரியம்மாவின் விரல் கண்ணில் படுகிறது, ஆளுங்கட்சியானதும் மிச்சக் கணக்கு கண்ணில் படுகிறது. தொலைக்காட்சி விவாதத்தில் தனியுரிமை, தேசப் பாதுகாப்பு என்று பேச ஆள் இருக்கிறார்கள். வெறும் பையோடு திரும்பி நடந்தவருக்காக ஒரு ராத்திரிகூட யாரும் குரலை உயர்த்தி நான் பார்க்கவில்லை. இதில் நான் எந்தக் கட்சி என்று எப்படிச் சொல்ல?

நடந்திருக்கும் நல்லதையும் சொல்லியாக வேண்டும். ரேகை விழாதவர்களுக்குக் கருவிழி பார்க்கும் கருவி வந்திருக்கிறது. பெரியம்மாவுக்குக் கண் பொருந்திவிட்டது. முடியாதவர்கள் தங்களுக்குப் பதில் இன்னொருவரை எழுதிக்கொடுத்து அனுப்பலாம். 2025 ஆகஸ்ட் 12ல் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் வருகிறது. பெரியம்மா வாசலுக்கும் வண்டி வருகிறது. முதல் தடவை வண்டி வந்துபோனபின் எனக்கு ஃபோன் செய்தவர், பதினைந்து நிமிஷம் அதைப் பற்றியே பேசினார். ஆனால் வண்டியில் கூடவே கருவியும் வருகிறது தம்பி. ஐம்பத்தைந்து வயதுக் கொத்தனாருக்கு வண்டி வராது, அவர் இன்னும் வரிசையில் நின்று தலையில் விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. பெரிய காரியம் இல்லை. ரேகை விழாதபோதும் அந்தக் கருவி ஒரு சீட்டு அடிக்கட்டும். தேதி, நேரம், கார்டு எண், எத்தனை தடவை விரல் வைத்தார், எதனால் கிடைக்கவில்லை, அடுத்து எங்கே போக வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில். காகிதம் ஏற்கெனவே கருவிக்குள் இருக்கிறது, அச்சடிக்கும் வசதியும் இருக்கிறது. அந்தச் சீட்டு கையில் இருந்தால் பெரியம்மா தாலுகா அலுவலகத்தில் மேஜை மேல் வைத்து நியாயம் கேட்டிருப்பார். ஒரு கடையில் மாதத்துக்கு எத்தனை சீட்டு அப்படி அடித்தது என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தால், மிச்சக் கணக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் எழுத வேண்டி வரும். மூன்று தடவை தவறினால் நான்காவது தடவை கடைக்காரர் தன் கையெழுத்தில் கொடுக்கலாம் என்ற வழியையும் திரையில் வைத்துவிடுங்கள். அவர் கொடுத்தது தப்பென்றால் பின்னால் விசாரிக்கட்டும். சந்தேகத்தின் பாரத்தைப் பசித்தவர் சுமக்க வேண்டாம், அலுவலகம் சுமக்கட்டும்.

இதற்கெல்லாம் மேலிடத்தில் ஒப்புதல் வேண்டும், நீங்கள் ஒருவர் முடிவு செய்வதில்லை என்பது தெரியும். ஆனாலும் அந்தச் சிவப்பு எழுத்துத் திரையை யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். எழுதும்போது அதற்கு எதிரே யார் நிற்பார் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் அலுவலகத்தில் அதற்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்து எழுதுங்கள். நான் தப்பாகச் சொன்னது இருந்தால் அதையும் எழுதுங்கள், அடுத்த இதழிலேயே திருத்திப் போடுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் பெரியம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "படிச்ச பிள்ளை, சரியாத்தான் எழுதியிருக்கு. ஒரு நாள் வரச் சொல்லுய்யா, நம்ம கடையில வந்து நின்னு பாக்கட்டும்" என்றார். மாதத்தின் முதல் வாரம் வந்தால் கூட்டம் இருக்கும். காலை ஒன்பதுக்கெல்லாம் போய்விட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்