புது வீட்டில் விதை மூட்டையா?

ஐப்பசி, கார்த்திகையில் பூச்சு வேலையை முடித்து, தை பிறந்ததும் புதுமனை புகுவோர் நம்மில் பலர். சம்பா அறுவடையும் அப்போதே வருகிறது. களத்தில் நன்கு காய்ந்த விதைநெல்லைப் புது அறையின் மூலையில் அடுக்கிக் கதவைச் சாத்தி விடுகிறோம். தரை வழவழப்பு, எலி வளை இல்லை. இதைவிட நல்ல இடம் ஏது என்று தோன்றும். ஆனால் அந்த அறை இன்னும் காயவில்லை!

50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்றுக்குக் கலவையில் 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் சேர்கிறது. சிமெண்டு இறுகும்போது தன்னுள் கட்டிக்கொள்வது ஏறத்தாழ 12 லிட்டரே. மீதியில் பெரும்பகுதி காற்றில்தான் வெளியேற வேண்டும். பூச்சு வெடிக்காதிருக்க நாள்தோறும் நனைத்த நீர் தனி. கான்கிரீட் தளம் ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. அதுவும் காற்றோட்டம் இருந்தால்தான்.

விதை, சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைத் தானும் ஏற்கும் இயல்புடையது. 5 முதல் 14 சதம் வரையிலான வரம்பில், விதையின் ஈரம் ஒரு சதம் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது. நிலக்கடலைக்குக் கேடு இன்னும் அதிகம். ஈரம் ஏறிய பருப்பில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூசணம் வளர்ந்து அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்கும். பிறகு வெயிலில் உலர்த்தினாலும் அந்த நஞ்சு முழுவதும் நீங்காது.

அறை காய்ந்ததா என்று அறிய எளிய வழி உண்டு. இரண்டடிச் சதுரமான பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ அங்கே விதை வைக்க வேண்டாம். பழைய வீட்டிலேயே இருக்கட்டும்.

நண்பகலில் சன்னல்களைத் திறந்து வையுங்கள். மழையிலும் பனி இறங்கும் இரவிலும் சாத்துங்கள். அறையை மூடிக் கரியடுப்பு மூட்டி உலர்த்துவது ஆபத்து. அதன் நச்சு வாயு ஆளையே கொன்று விடும். முதல் ஆண்டில் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே போதும். எண்ணெய் வர்ணம் ஈரத்தை உள்ளே அடைத்து, பின்னர் கொப்புளமாகக் கிளம்பும். (விருந்தாளிகள் மெச்சுவதற்காக அவசரப்பட்டு இந்தச் செலவைச் செய்வோர்தான் அதிகம்.)

ஆண்டு கழிந்த பின்னும் சுவரின் அடிப்பாகத்தில் மட்டும் ஈரம் நின்று உப்புப் பூத்தால், அது கட்டிட ஈரமன்று, நிலத்திலிருந்து ஏறுவது. அதற்குக் காத்திருந்து பயனில்லை, கொத்தனாரை அழையுங்கள்.

வேறு இடமே இல்லையெனில், தரையில் பாலிதீன் விரித்து, அதன்மேல் அரையடி உயரத்துக்குக் கட்டையும் பலகையும் இட்டு, சுவரிலிருந்து ஒன்றரையடி தள்ளி அடுக்குங்கள். முன்பே அடுக்கி விட்டவர்கள் மூட்டைகளை இன்றே வெளியே எடுத்து உலர்த்துங்கள். விதைப்பதற்கு முன் 100 விதையை ஈரச் சாக்கில் முளைக்கட்டிப் பாருங்கள். நெல்லில் 80, நிலக்கடலையில் 70 முளைக்காவிட்டால் வேறு விதை தேடுங்கள்.