மாயாவியும் பழைய ப்ளூ பிரின்டும்

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீட்டுக்கு விடுமுறையில் வந்த தங்கை மகன், விமான இறக்கை மீது காற்று ஓடும் விதத்தை ஆராய்பவன். அதைக் கணிப்பொறித் திரையில் முப்பரிமாணப் படமாகக் காட்டினான். "மாமா, இந்த மென்பொருளின் பெயர் மாயாவி. விலை கிடையாது. மூலநிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்" என்றான்.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான பிரபு ராமச்சந்திரன் தொடங்கியது இது. முதல் பதிப்பு 2001-இல் வந்தது. பிறகு பிரான்சின் கயேல் வரோக்கோ போன்ற பலர் கைகொடுத்தார்கள்.

யாரும் திருத்தலாம் என்றதும் எனக்குப் பகீரென்றது. நான் வேலை பார்த்த ஒரு பணிமனையில், வரைபடத்துக்குத் திருத்தம் 'பி' வந்த பிறகும் 'ஏ' நகலைப் பார்த்துக் கடைந்து, நாற்பது புஷ்களைக் கழித்துக் கட்டினோம். பழைய ப்ளூ பிரின்டைத் திரும்ப வாங்கி வைக்காதவன் நான்தான்.

இங்கே அந்தக் காவலைச் செய்வது 'கிட்' என்னும் பதிவேடு. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதியது. எந்த வரியை, யார், என்று, எதற்காக மாற்றினார் என்பது அதில் நிற்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் வாங்கிய வண்டிதான் புறப்படலாம். கிட்டில் அப்படியில்லை, அவரவர் தத்தம் நகலில் வேலை செய்யலாம். மூலத்தோடு சேரும் இடத்தில்தான் தணிக்கை. விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து, பழைய விடையே வருகிறதா என்று கணிப்பொறி தானே சோதிக்கும். பிறகு பொறுப்பாளர் ஒருவர் படித்துப் பார்த்துச் சேர்ப்பார், அல்லது திருப்பி அனுப்புவார்.

கடினமான வேலை வேறு. மாயாவி எழுதப்பட்ட பைத்தான் மொழியின் 2-ஆம் வரிசைக்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு நின்றது. மாயாவியில் பழுதே இல்லாவிட்டாலும், அதற்குள் 3-ஆம் வரிசைக்கு மாற்றியாக வேண்டும். பாலத்தில் விரிசல் இல்லை, ஆனால் அடியில் ஆறு திசை மாறுகிறது என்பது போல. இதில் புதுப் படம் எதுவும் வராது, பாராட்டும் வராது. ஆயினும் செய்யாவிட்டால் பலருடைய ஆராய்ச்சி நின்றுவிடும். செய்து முடித்தார்கள்.

"உன் ஆய்வேட்டுப் படங்களை மாயாவியின் எந்தப் பதிப்பில் வரைந்தாய்?" என்று கேட்டேன். குறித்து வைக்கவில்லை. அன்றிரவே உட்கார வைத்து ஒவ்வொரு படத்தின் கீழும் பதிப்பு எண்ணை எழுதச் செய்தேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். இரண்டு படங்களுக்கு எண் தெரியவில்லை. அவற்றை மறுபடி வரைகிறான்.