தொய்வு விட்டுக் கட்டுங்கள்

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளில் மீட்புத் தொண்டு செய்கிறவர்கள் கயிற்றுப் பையைப் பரணிலிருந்து இறக்க வேண்டிய நேரம் இது.

தண்ணீருக்கு மேலே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கயிறு கட்டி, புல்லியில் ஆளைத் தொங்கவிட்டுக் கடத்தும் முறையை மீட்புப் படையினர் ஹைலைன் என்பார்கள். நம் பகுதியில் இதற்கு அடிக்கடி வேலை வராது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்குள் புகுந்தபோது ஏராளமானோரைக் கரைசேர்த்தவை படகுகள்தான். அவற்றில் பல மீனவர்கள் கொண்டுவந்தவை. படகு போகிற இடத்தில் கயிறு கட்டி நேரத்தைக் கரைக்காதீர்கள். படகு நிலைகொள்ள முடியாத இழுப்போடு தண்ணீர் ஓடும் சந்துகளுக்கும் கால்வாய் ஓரங்களுக்கும்தான் ஹைலைன். அதையும் பயிற்சி பெற்ற குழுவே இயக்க வேண்டும்.

குழுவாக இருந்தாலும் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு: கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. கபாலீசுவரர் கோயில் தேர்வடத்தைப் பிடித்ததுபோல் பத்துப் பேர் சேர்ந்து இழுத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். கணக்கைப் பாருங்கள். தெரு இருபது மீட்டர் அகலம். மீட்பவரும் மீட்கப்படுபவரும் சாமான்களும் சேர்ந்து 200 கிலோ. நடுவில் கயிறு இரண்டு மீட்டர் தொய்ந்தால் இரு முனையிலும் விழும் இழுவை ஏறத்தாழ 510 கிலோ. தொய்வு ஒரு மீட்டர் என்றால் 1,000 கிலோ. நாற்பது சென்டிமீட்டர்தான் என்றால் 2,500 கிலோ. அதிகம் நீளாத வகையான ஸ்டாடிக் ரோப், புதிதாக 11 மி.மீ. தடிமனில் இருந்தாலும், ஏறக்குறைய 3,000 கிலோவில் அறும். முடிச்சுப் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அப்படியானால் நாற்பது சென்டிமீட்டர் தொய்வில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே அகலத்தில் பத்தில் ஒரு பங்காவது தொய்வு விடுங்கள். அப்படி விட்டால் தொங்குபவரின் கால் தண்ணீரில் படும் என்பது நியாயமான கவலை. அதற்குத் தீர்வு கயிற்றை இன்னும் இறுக்குவது அல்ல, முனைகளை ஒரு மாடி மேலே ஏற்றுவது. மூன்று மடங்கு இழுவை தரும் புல்லி அமைப்பில் இரண்டு பேருக்கு மேல் இழுக்க வேண்டாம். பிடிமானத்துக்குப் பல் வைத்த கிளாம்ப் ஆகாது. சில நூறு கிலோவிலேயே அது கயிற்றின் உறையைக் கிழித்துவிடும். மெல்லிய கயிற்று வளையத்தைப் பிரதான கயிற்றில் சுற்றிப் போடும் புரூசிக் முடிச்சு போடுங்கள். சுமை கூடினால் அது வழுக்கி எச்சரிக்கும். பிரதான கயிறு ஒன்றை மட்டும் நம்பாமல் இரண்டு கட்டுங்கள். இரு கரையிலிருந்தும் ஆளைக் கட்டுப்படுத்தத் தனித்தனி இழுகயிறும் வேண்டும்.

எதில் கட்டுவது? இதை மழைக்கு முன்பே தெருவில் நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள். கட்டடத்தின் கான்கிரீட் தூண் சரி. பால்கனி கிரில், கைப்பிடிச் சுவர், கேட், காம்பவுண்டுச் சுவர் எதுவும் ஆகாது. மரம் என்றால் யோசியுங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் எத்தனை மரங்கள் வேரோடு சாய்ந்தன என்பது நம் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். மண் ஊறிய பிறகு குல்மோகரை நம்ப முடியாது. நிறுத்திவைத்த காரும் வேண்டாம், தண்ணீர் ஏறினால் அது மிதக்கும். தெருவிளக்குக் கம்பத்தையும் மின்வாரியப் பில்லர் பாக்ஸையும் தொடவே வேண்டாம். மின்சாரம் துண்டிக்கப்பட்டதை மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் (94987 94987) உறுதி செய்துகொண்டுதான் கயிற்றை வீச வேண்டும்.

தூணில் முடிச்சு போடாமல் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, நுனியை மட்டும் கேரபினர் கொக்கியில் மாட்டினால் கயிற்றின் முழு பலமும் கிடைக்கும். தூணின் விளிம்பில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டையோ சாக்கையோ வையுங்கள்.

பாரிமுனையில் மலிவாகக் கிடைக்கும் நீல, மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், எறிகயிறாக உதவும். அதில் ஆளைத் தொங்கவிடாதீர்கள், உரசலில் உருகிவிடும். ஒருமுறை கார் இழுத்த கயிறு எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் துணி காயப்போடத்தான்.

2021 அக்டோபரில் ஆத்தூர் அருகே ஆணைவாரி முட்டல் அருவியில், திடீர் வெள்ளத்தில் சிக்கிய தாயையும் குழந்தையையும் வனத்துறையினரும் இளைஞர்களும் கயிற்றால் மீட்ட காணொளி பலருக்கு நினைவிருக்கும். இருவரும் மேலேறிய பிறகு, உதவப் போன இரண்டு பேர் தண்ணீரில் விழுந்தார்கள். நல்லவேளை, நீந்திக் கரையேறினார்கள். மீட்கப் போனவரை யார் மீட்பது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஓட்டத்தின் கீழ்ப்பக்கம் எறிகயிற்றோடு இருவர் நிற்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது.

சாதாரணக் குடியிருப்புக்காரர்களுக்கு ஹைலைன் வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நடக்கக் கைப்பிடிக் கயிறு போதும். அதை நேர்க்குறுக்காக அல்ல, ஓட்டத்துக்குச் சாய்வாகக் கட்டுங்கள். கயிற்றின் கீழ்ப்பக்கம் நின்று பிடித்து நடங்கள். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொள்ளாதீர்கள், விழுந்தால் அதுவே தண்ணீருக்குள் அழுத்திவிடும். தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால் 112 அல்லது 101, மாநகராட்சிக்கு 1913.

பயிற்சி பெற்ற குழுக்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஒரு விளையாட்டுத் திடலில் இருபது மீட்டர் இடைவெளியில் கயிறு கட்டி, ஐம்பது கிலோ மணல் மூட்டை நான்கைத் தொங்கவிட்டு, நடுவில் எவ்வளவு தொய்கிறது என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். இந்த ஒத்திகையில் ஆளைத் தொங்கவிட வேண்டாம்.