பாட்டுப் பதிவு மென்பொருளின் செட்டிங்ஸ் கோப்பு: திறக்கவும் பழுது பார்க்கவும் முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டில் வள்ளி கும்மிக்கு இது நல்ல காலம். கோவை மாவட்டத்துக் கும்மி ஆசான் பத்திரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. குண்டடம், தாராபுரம், காங்கேயம் பக்கம் கோயில் நோம்பி (திருவிழா) நெருங்கினால் சாயங்காலம் பயிற்சி தொடங்கிவிடும். ஆசிரியர் பாடுவதையும் தாளத்தையும் லேப்டாப்பில் பதிந்து, குழுவில் எல்லோருக்கும் அனுப்பும் வேலை ஊருக்கு ஊர் நடக்கிறது. பகலெல்லாம் பனியன் கம்பெனியில் நின்றுவிட்டு வந்து இரவில் இதைச் செய்கிற இளைஞர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. மென்பொருள் திறக்க மறுத்தாலும், மைக் காணாமல் போனாலும், பாட்டின் பெயர் கேள்விக்குறிகளாக மாறினாலும் பெரும்பாலும் கடைக்காரரிடம் ஓட வேண்டியதில்லை. விண்டோஸ் கணினியில் பலர் பயன்படுத்தும் ஆடாசிட்டி, ரீப்பர் இரண்டையும் வைத்து விளக்குகிறேன். ஆடாசிட்டி முழுக்க இலவசம். ரீப்பரை 60 நாள் சோதித்துப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

படி 1: எந்தக் கோப்பு என்ன வேலை செய்கிறது?

குழப்பம் தொடங்குவதே இங்கேதான். மூன்று வகைக் கோப்புகள் உண்டு. புராஜெக்ட் கோப்பு என்பது ஒரு பாட்டுக்கான வேலை. பிரீசெட் கோப்பு என்பது எக்கோ, ஈக்வலைசர் போன்ற ஒரு கருவியின் அளவுகள் மட்டும். செட்டிங்ஸ் கோப்பு என்பது மென்பொருள் முழுவதற்குமான நினைவு: எந்த மைக், எந்த மொழி, எந்த ஃபோல்டர், எந்தக் குறுக்குவிசை என்பதெல்லாம் அதில் இருக்கும். செட்டிங்ஸ் கோப்பு கெட்டால் பாட்டு அழியாது. பயப்படாமல் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: கோப்பு இருக்கும் இடம்

முதலில் மென்பொருளை மூடுங்கள். மூடும்போது அது தன் நினைவில் இருப்பதைக் கோப்பின்மேல் மறுபடி எழுதும். திறந்து வைத்தபடி கோப்பைத் திருத்தினால் நீங்கள் செய்த மாற்றம் போய்விடும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

பிறகு விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் சதவீதக் குறி, ஆப்டேட்டா, மறுபடி சதவீதக் குறி என இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து என்டர் அடியுங்கள். சாதாரணமாக மறைந்திருக்கும் ஃபோல்டர் திறக்கும். அதற்குள் ஆடாசிட்டி என்ற ஃபோல்டரில் 'ஆடாசிட்டி டாட் சி.எஃப்.ஜி.' இருக்கும், ரீப்பர் என்ற ஃபோல்டரில் 'ரீப்பர் டாட் ஐ.என்.ஐ.' இருக்கும். ரீப்பரில் இன்னும் எளிய வழி உண்டு: ஆப்ஷன்ஸ் மெனுவில் 'ஷோ ரீப்பர் ரிசோர்ஸ் பாத்' என்பதை அழுத்தினால் அதே இடத்துக்குக் கொண்டுபோய் விடும். இடத்தைப் பார்த்துக்கொண்டு மென்பொருளை மூடிவிடுங்கள்.

ஃபோல்டரின் 'வியூ' மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதையும் இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பெயரின் வால் கண்ணுக்குத் தெரியாது. நோட்பேடில் சேமித்த கோப்பு 'ஐ.என்.ஐ. டாட் டி.எக்ஸ்.டி.' ஆகிவிட்டிருக்கலாம், மென்பொருள் அதைச் சீந்தாது.

படி 3: நகல் எடுக்காமல் தொடாதீர்கள்

கோப்பை வலது கிளிக் செய்து காப்பி எடுத்து டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்யுங்கள். பெயரோடு தேதியையும் சேருங்கள். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல் அடுத்த வரியைப் படிக்கவே வேண்டாம்.

படி 4: நோட்பேடில் திறந்து படிப்பது

இரட்டைக் கிளிக் செய்தால் 'எதைக் கொண்டு திறப்பது' என்று விண்டோஸ் கேட்கலாம். நோட்பேடைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே இருப்பது மந்திரம் அல்ல, சாதாரண எழுத்துதான். சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு, அதன்கீழ் வரிசையாகப் பெயர், சமக்குறி, மதிப்பு. ஆடாசிட்டி கோப்பில் 'ஆடியோ ஐ.ஓ.' என்ற தலைப்பைத் தேடுங்கள். அதன்கீழ் 'ரெக்கார்டிங் டிவைஸ்' என்ற வரியில், சமக்குறிக்கு அப்பால், உங்கள் மைக்கின் பெயர் இருக்கும். போன மாதம் செருகியிருந்த யூ.எஸ்.பி. மைக்கின் பெயரே இன்னும் இருந்தால், புதிய மைக்கில் ஏன் சத்தம் பதியவில்லை என்பதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. அதற்காகக் கோப்பில் கைவைக்கவும் வேண்டாம். மென்பொருளுக்குள் போய் மைக்கை மாற்றித் தேர்ந்தெடுத்தாலே அந்த வரி தானாக மாறும். கோப்பைப் படிக்கத் தெரிவது நோயைக் கண்டுபிடிக்க. கையால் திருத்துவதைக் கடைசி வழியாக வையுங்கள்.

எல்லாக் கோப்பையும் இப்படித் திறக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ரீப்பரின் புராஜெக்ட் கோப்பு வெறும் எழுத்து, நோட்பேடில் படிக்கலாம். ஆனால் 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து ஆடாசிட்டியின் புராஜெக்ட் கோப்பு ஒரு தரவுத்தளம். அதை நோட்பேடில் திறந்து சேமித்தால் பாட்டு போயே போய்விடும். அதன் பக்கத்தில் 'டபிள்யூ.ஏ.எல்.' என்று முடியும் கோப்பு கிடந்தால் அதையும் அழிக்காதீர்கள். இன்னும் சேராத பதிவு அதில் இருக்கலாம்.

படி 5: தமிழ்ப் பெயர் சிதைந்தால்

ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் தொடாத சிக்கல் இது. 'வள்ளி திருமணம்' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைக்கிறீர்கள். ஒருநாள் செட்டிங்ஸ் கோப்பில் அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் விசித்திரக் குறிகள் நிற்கின்றன. என்ன குறி என்று உற்றுப் பாருங்கள், மருந்து அதைப் பொறுத்தது.

தலையில் சாய்ந்த கோடு போட்ட சின்ன 'ஏ' எழுத்தும், பதிவு வணிகக் குறியான வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் மாறி மாறி வந்தால் உங்கள் எழுத்து உயிரோடு இருக்கிறது. யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். அவற்றைத் தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாகக் கணினி படித்துவிட்டது, அவ்வளவே. எதையும் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் ஃபைல், ஓப்பன் போய், கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் யூ.டி.எஃப்-8 தேர்ந்து மறுபடி திறங்கள்.

வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் நிலைமை வேறு. யாரோ அதை 'ஆன்சி' முறையில் சேமித்துவிட்டார்கள். அந்த முறையில் தமிழுக்கு இடமில்லாததால் ஒவ்வொரு குறியும் கேள்விக்குறியாகிவிட்டது. திரும்ப வராது; படி 3இல் எடுத்த நகல்தான் கதி. விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து நோட்பேட் புதுக் கோப்புகளை யூ.டி.எஃப்-8 முறையிலேயே சேமிக்கிறது. பழைய கணினி என்றால் சேமிக்கும்போது நீங்களே கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

என் யோசனை: டிராக்குகளுக்குத் தமிழில் பெயர் வையுங்கள், தாராளமாக. ஃபோல்டருக்கும் விண்டோஸ் பயனர் பெயருக்கும் மட்டும் ஆங்கில எழுத்து இருக்கட்டும். மென்பொருளோடு சேர்த்துக்கொள்ளும் துணைக் கருவிகளான பிளக்இன்களில் பழையவை சில தமிழ்ப் பாதையைக் கண்டாலே நின்றுவிடும். இப்படி விட்டுக்கொடுக்க எனக்கும் மனமில்லைதான். ஆனால் நோம்பிக்கு முதல்நாள் ராத்திரி மொழிக்கொள்கை பேச நேரம் இருக்காது.

படி 6: வழக்கமாக வரும் பழுதுகள்

மென்பொருள் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறதா? செட்டிங்ஸ் கோப்பின் பெயரை மாற்றுங்கள், முடிவில் 'பழையது' என்று சேர்த்தால் போதும். அழிக்க வேண்டாம். மென்பொருளைத் திறந்தால் புதுக் கோப்பு ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். இப்போது திறந்தால் குற்றவாளி அந்தக் கோப்புதான். அப்போதும் திறக்காவிட்டால் பழைய பெயரைத் திருப்பி வைத்துவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

ரீப்பர் பிளக்இன்களைத் தேடும்போது உறைந்து போனால், பெயரில் 'வி.எஸ்.டி. பிளக்இன்ஸ் 64' என்று வரும் ஐ.என்.ஐ. கோப்புக்கு மட்டும் இதே வைத்தியம். அது வெறும் பட்டியல், புதிதாக எழுதிக்கொள்ளும்.

கோப்பின் அளவு பூஜ்யம் கே.பி. என்று காட்டினால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போயிருக்கும். நம் பக்கம் சுற்றிலும் காற்றாலை நின்றாலும் வீட்டில் கரண்ட் போவது நிற்கவில்லை. பேட்டரி செத்த லேப்டாப்பையும் டெஸ்க்டாப்பையும் யூ.பி.எஸ். இல்லாமல் பதிவுக்கு வைக்காதீர்கள். ரீப்பர் புராஜெக்டுக்கு இப்படி நேர்ந்தால் அதே ஃபோல்டரில் 'ஆர்.பி.பி-பேக்' என்று முடியும் முந்தைய பிரதியைத் தேடுங்கள்.

பாடகர் குரல் திடீரென்று கீச்சென்று கேட்டால் சாம்பிள் ரேட்டை, அதாவது ஒலி விநாடிக்கு எத்தனை தடவை அளக்கப்படுகிறது என்ற எண்ணைப் பாருங்கள். 44,100இல் பதிந்ததை 48,000 என்று நினைத்து ஓட்டினால் வேகம் கூடி, சுருதி ஏறக்குறைய ஒன்றரை சுரஸ்தானம் ஏறிவிடும். புராஜெக்டிலும் ஆடியோ கருவியிலும் ஒரே எண் இருக்கட்டும்.

செட்டிங்ஸை ரிப்பேர் செய்து தருவதாக வாட்ஸாப்பில் வரும் இ.எக்ஸ்.இ. கோப்புகளைத் திறக்கவே கூடாது. நோட்பேடைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை.

படி 7: பத்திரப்படுத்துவது

ரீப்பரில் பிரிஃபரன்ஸஸ் பகுதியின் 'ஜெனரல்' பக்கத்தில் 'எக்ஸ்போர்ட் கான்ஃபிகரேஷன்' என்ற பொத்தான் உண்டு. அதில் கிடைக்கும் கோப்பை வேறு கணினியில் கொடுத்தால் உங்கள் ஏற்பாடு அப்படியே வந்துவிடும். ஆடாசிட்டிக்கு அந்த ஃபோல்டரையே நகல் எடுத்தால் போதும். புராஜெக்ட் கோப்புகளையும் மூல ஒலிக் கோப்புகளையும் கூடவே எடுங்கள்.

1960களில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் பிரெண்டா பெக், கொங்கு நாட்டு வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டு டேப்பில் பதிந்தார். அந்தக் கதை 1992இல் நூலாகவும் வந்தது. நீங்கள் பதிகிற பெரியவர்களின் குரலும் அந்த மதிப்புள்ளதுதான். இன்றைக்கே ஒரு பென் டிரைவ் எடுத்து நகலைப் போட்டு, கணினி இருக்கும் வீட்டில் அல்லாமல் வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள்.