அறிமுகம் என்னும் ஏணி

நுழையும்முன்

மாணவர்களே! வேலை வேண்டுவோர் ஒருபுறமும், ஆள் வேண்டுவோர் மறுபுறமும் எக்காலத்தும் ஒருவரையொருவர் தேடிக்கொண்டே இருக்கின்றனர். இருவரும் சந்திக்கும் இடம் மட்டும் காலந்தோறும் மாறி வருகிறது. ஒரு காலத்தில் ஆலையின் வாயிலாகவும், பின்னர் நாளிதழின் விளம்பரப் பக்கமாகவும் இருந்த அவ்விடம், இன்று கைப்பேசியின் திரையாக மாறியுள்ளது. சமூக வலைத்தளங்கள் வேலை தேடுவோர்க்கு எவ்வாறு துணைபுரிகின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பவற்றை இப்பாடத்தின் வழி அறிவோம்.

அன்றைய மூன்று வழிகள்

இணையம் பரவுவதற்கு முன்பு நம் நாட்டில் வேலை தேடுவோர்க்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, வேலைவாய்ப்பு அலுவலகம். படிப்பு முடிந்ததும் சான்றிதழ்களுடன் சென்று பெயரைப் பதிவு செய்வதும், அப்பதிவை உரிய காலத்தில் புதுப்பிப்பதும் பல குடும்பங்களின் வழக்கமாக இருந்தன. காலிப் பணியிடங்களை இவ்வலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என 1959ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அரசுத்துறை நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் தனியார் நிறுவனங்களையும் அச்சட்டம் கட்டுப்படுத்தியது.

இரண்டாவது வழி, விளம்பரம். நாளிதழ்களின் விளம்பரப் பக்கங்களும், நடுவண் அரசு 1976 முதல் வெளியிட்டுவரும் ‘எம்ப்ளாய்மென்ட் நியூஸ்’ வார இதழும் இளைஞர்களின் கைகளில் தவழ்ந்தன.

மூன்றாவது வழி, தெரிந்தவரின் சொல். “எங்கள் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகிறது. உங்கள் மகனை நாளை அனுப்பி வையுங்கள்” என்று ஒருவர் கூறும் சொல், நூறு விண்ணப்பங்களை விட விரைவாகப் பலன் தந்தது. ஆயினும், இவ்வழி எல்லார்க்கும் பொதுவாக அமையவில்லை. நல்ல பதவியில் உறவினர் இருப்பவருக்கு அது திறந்த கதவு. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்றவருக்கோ மூடிய கதவு. ஒரு கூலித் தொழிலாளியின் மகளுக்கு, பெரிய அலுவலகத்தில் காலியாகும் இடத்தைப் பற்றி யார் வந்து கூறுவார்? சமூக வலைத்தளங்களின் பயனை நாம் இவ்வினாவை வைத்தே மதிப்பிட வேண்டும்.

வலைத்தளங்களின் வருகை

முதலில் வந்தவை வேலைவாய்ப்புத் தளங்கள். இந்தியாவில் 1997ஆம் ஆண்டு ‘நௌக்ரி’ என்னும் தளம் தொடங்கப்பட்டது. இந்தி மொழியில் அச்சொல்லின் பொருளே ‘வேலை’ என்பதாகும். நடுவண் அரசு 2015ஆம் ஆண்டு தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளத்தைத் தொடங்கியது. அதில் பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. இத்தகைய தளங்கள், விளம்பரப் பக்கத்தையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தையும் இணையத்திற்குக் கொண்டு வந்தன எனலாம்.

மூன்றாம் வழியாகிய ‘தெரிந்தவரின் சொல்’லை இணையத்திற்குக் கொண்டு வந்தவை சமூக வலைத்தளங்களே ஆகும். அவற்றுள் குறிப்பிடத்தக்கது லிங்க்டுஇன். ரீட் ஹாஃப்மன் என்பவரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய இத்தளம், 2003ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பயன்பாட்டிற்கு வந்தது. முகநூல் நண்பர்களை இணைப்பது போல, இது தொழில்முறை அறிமுகங்களை இணைக்கிறது. ஒருவர் எங்கே பயின்றார், எங்கே பணிபுரிகிறார், அவருக்கு யார் யாரைத் தெரியும் என்பன அதில் வெளிப்படையாகத் தெரிகின்றன. முன்பு சிலருடைய வீட்டுக் கூடத்தில் மட்டும் பேசப்பட்ட செய்திகள், இவ்வாறு பலரும் காணத்தக்க இடத்திற்கு வந்தன.

மெலிந்த உறவின் வலிமை

‘நெருங்கிய உறவினரே நமக்கு வேலை தேடித் தருவர்’ என்று நாம் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் சரியா என்பதை மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் ஆராய்ந்தார். பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்னும் ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் அவர் வினவினார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றோரிடம், “அவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள்?” என்று கேட்டார். ‘அடிக்கடி’ எனக் கூறியவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. ‘எப்போதாவது’ என்றவர்கள் 55.6 விழுக்காட்டினர், ‘மிக அரிதாக’ என்றவர்கள் 27.8 விழுக்காட்டினர். 1973ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஆய்வுக் கட்டுரையில் இதனை அவர் ‘மெலிந்த உறவுகளின் வலிமை’ என்று குறிப்பிட்டார்.

இதற்குரிய காரணம் எளிது. நம் வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் நாம் வாழும் உலகிலேயே வாழ்கின்றனர். அவர்கள் அறிந்த செய்தியை நாமும் அறிந்திருப்போம். என்றோ பழகிய வகுப்புத் தோழர், அண்டை வீட்டிலிருந்து வேற்றூருக்குச் சென்றவர், ஒரு பயிற்சி முகாமில் சந்தித்த மூத்தவர் ஆகியோரோ வேறொரு வட்டத்தில் வாழ்கின்றனர். ஆகவே, புதிய செய்தி அவர்களிடமிருந்தே வருகிறது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இக்கருத்து மீண்டும் சோதிக்கப்பட்டது. லிங்க்டுஇன் தளத்தில் ஐந்து ஆண்டுகள் நடைபெற்ற சோதனைகளில் இரண்டு கோடிப் பயனர்களின் தரவுகள் ஆராயப்பட்டன. அதன் முடிவு 2022ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது. மிக நெருங்கிய உறவும், முற்றிலும் தொடர்பற்ற பெயரளவு அறிமுகமும் அவ்வளவு பயன் தரவில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட, ஓரளவு பழகிய அறிமுகமே வேலை மாற்றத்திற்கு மிகுதியாகத் துணைபுரிந்தது. எனவே, முன்பின் அறியாத ஆயிரம் பேரை இணைத்துக்கொள்வதால் மட்டும் வேலை கிடைத்துவிடாது. பெயரைச் சொன்னால் நினைவுகூரக்கூடிய ஐம்பது பேர் இருப்பின் அதுவே பெருஞ்செல்வம்.

நிறுவனங்கள் தேடும் முறை

ஆள் வேண்டும் நிறுவனங்களும் இத்தளங்களில் தேடுகின்றன. அவை திறன், ஊர், அனுபவம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களைத் தேடற்பெட்டியில் இடுகின்றன. அச்சொற்கள் எவருடைய பக்கத்தில் உள்ளனவோ அவரே முதலில் கண்ணில் படுகிறார். ‘கடின உழைப்பாளி’ என்று எழுதியவரை யாரும் தேடுவதில்லை. ‘டேலி மென்பொருளில் கணக்கு எழுதும் பயிற்சி பெற்றவர்’ என்று எழுதியவரையே தேடுகின்றனர். எனவே, நாம் செய்த வேலையை, செய்தவாறே, தெளிவான சொற்களில் எழுத வேண்டும். கல்லாததைக் கற்றதாக எழுதுவது நேர்காணலின் முதல் வினாவிலேயே வெளிப்பட்டுவிடும்.

சில நிறுவனங்கள் விண்ணப்பித்தவரின் பொதுப் பதிவுகளையும் பார்க்கின்றன. சினத்தில் எழுதிய வசைச்சொல் பல ஆண்டுகள் கழித்தும் கிடைக்கக்கூடும். நம் நற்சான்றும் குறைச்சான்றும் நாம் எழுதியவற்றிலேயே இருக்கின்றன.

இம்முறையில் குறையும் உண்டு. ஒளிப்படத்தையும் பெயரையும் கண்டு, ஒருவருடைய திறனை அறியாமலேயே ஒதுக்குவதற்கும் அது வாய்ப்பளிக்கிறது. திறன்பேசியும் இணைய வசதியும் இல்லாதவர் அந்தத் தேடலில் தென்படுவதே இல்லை. வள்ளுவர் ஆட்களை ஆராய்ந்து தெளிவதற்குத் ‘தெரிந்துதெளிதல்’ என்றும், தக்கவரிடம் பணியை ஒப்படைப்பதற்குத் ‘தெரிந்துவினையாடல்’ என்றும் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். கருவி மாறினாலும், ஆராய்ந்து தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மனிதரிடமே உள்ளது.

கேட்கும் முறை

பலர் அறிமுகத்தை ஏற்படுத்திக்கொள்கின்றனர். ஆனால் கேட்கத் தெரியாமல் அதனை இழக்கின்றனர். கீழ்க்காணும் இரண்டு செய்திகளை ஒப்பிடுங்கள்.

செய்தி 1: “ஐயா, வணக்கம். ஏதாவது வேலை இருந்தால் சொல்லவும்.”

செய்தி 2: “மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம். தாங்கள் பயின்ற கல்லூரியில் நான் வணிகவியல் மூன்றாம் ஆண்டு பயில்கிறேன். கணக்குத் தணிக்கை குறித்துத் தாங்கள் எழுதிய பதிவைப் படித்தேன். இத்துறைக்கு வர விரும்பும் நான், படிப்பு முடிவதற்குள் எதனைக் கற்றுக்கொள்வது நல்லது? தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது இரண்டொரு வரிகளில் வழிகாட்டினால் நன்றியுடையேன்.”

முதற்செய்தி படிப்பவர் மீது ஒரு சுமையை ஏற்றுகிறது. இரண்டாவது, எழுதியவர் யார், எதற்காக எழுதுகிறார் என்பதைக் கூறி, எளிதில் விடையளிக்கத்தக்க ஒரு வினாவைக் கேட்கிறது. விடை வந்ததும் நன்றி கூறுதல் வேண்டும். அவர் சொன்னவாறு கற்று முடித்தபின் அதனைத் தெரிவித்தல் இன்னும் சிறப்பு. அவ்வாறுதான் பெயரளவு அறிமுகம் பழகிய அறிமுகமாக வளர்கிறது.

வலை விரிப்போர்

வலைத்தளம் ஏணியாவது போலவே வலையும் ஆகும். “வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஈட்டலாம்” என்னும் செய்தி வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வருகிறது. காணொளிகளுக்கு விருப்பக் குறியிடும் எளிய பணியைக் கொடுத்து முதலில் சிறு தொகையை அனுப்புவர். நம்பிக்கை பிறந்ததும் ‘முன்பணம் செலுத்தினால் பெரிய பணி’ என்பர். செலுத்திய பணம் திரும்புவதில்லை.

இதனினும் கொடியது வெளிநாட்டு வேலை மோசடி. சமூக வலைத்தள விளம்பரங்களை நம்பிச் சென்ற இந்திய இளைஞர்கள் பலர், கம்போடியா, மியான்மர், லாவோஸ் ஆகிய நாடுகளில் அடைத்து வைக்கப்பட்டு, பிறரை இணையவழியில் ஏமாற்றும் செயலில் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். அவர்களுள் பலரை இந்தியத் தூதரகங்கள் மீட்டு அனுப்பின. வேலை தேடியவரே குற்றக் கருவியாக்கப்பட்ட துயரம் இது.

எனவே, பின்வருவனவற்றை நினைவிற் கொள்ளுங்கள்.

• வேலை தருபவர் ஊதியம் தருவார். வேலை தருவதற்காக நம்மிடம் பணம் கேட்கமாட்டார்.
• விளம்பரத்தை அந்நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.
• வெளிநாட்டு வேலையாயின், அனுப்பும் முகவர் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்பதை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் காண வேண்டும். அவர் பெறத்தக்க சேவைக் கட்டணத்திற்கும் அரசு உச்சவரம்பு விதித்துள்ளது.
• ஆதார் எண், வங்கி விவரம், கடவுச்சொல் ஆகியவற்றை முன்பின் அறியாதவருக்கு அனுப்பலாகாது.
• பணத்தை இழந்துவிட்டால், வெட்கி மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் அளிக்க வேண்டும். காலம் தாழ்ந்தால் பணத்தை மீட்பது அரிதாகும்.

நிறைவாக

லிங்க்டுஇன் தளத்தில் கணக்குத் தொடங்க 16 வயது நிறைந்திருக்க வேண்டும். ஆயினும் அதற்கான ஆயத்தத்தை நீங்கள் இன்றே தொடங்கலாம். ஆசிரியர், விளையாட்டுப் பயிற்றுநர், மேல்வகுப்பு மாணவர், நூலகர் ஆகிய அனைவரும் உங்கள் அறிமுகங்களே. அவர்களிடம் நல்ல பெயரை ஈட்டி வையுங்கள். நாளை நீங்கள் பணியில் அமர்ந்தபின், முன்பின் அறியாத ஒரு மாணவி, “அம்மா, வணக்கம்” என்றோ “ஐயா, வணக்கம்” என்றோ எழுதக்கூடும். அவளுக்கு இரண்டு வரியில் விடையளியுங்கள். ஏறியவர் கை நீட்டினால்தான் ஏணி எல்லார்க்கும் பொதுவாகும்.

சொற்பொருள்

நடுவண் அரசு – மத்திய அரசு
விழுக்காடு – சதவீதம்
மெலிந்த – வலிமை குறைந்த
தணிக்கை – கணக்குகளைச் சரிபார்த்தல்
ஆயத்தம் – முன்னேற்பாடு
உச்சவரம்பு – மிகுதியான அளவின் எல்லை

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. ‘நௌக்ரி’ தளம் தொடங்கப்பட்ட ஆண்டு ________.
2. ‘மெலிந்த உறவுகளின் வலிமை’ என்னும் கருத்தை வெளியிட்டவர் ________.
3. இணையவழிப் பண மோசடி குறித்துப் புகார் அளிக்க அழைக்க வேண்டிய எண் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடையளிக்க.

1. இணையத்திற்கு முன் வேலை தேடுவதற்கு இருந்த மூன்று வழிகள் யாவை?
2. நெருங்கியவரை விட, ஓரளவு பழகியவரிடமிருந்து புதிய செய்தி வருவது ஏன்?
3. ‘கடின உழைப்பாளி’ என்று எழுதியவரை யாரும் தேடாததற்குக் காரணம் என்ன?

இ. பத்து வரிகளில் விடையளிக்க.

1. “வலைத்தளம் ஏணியாவது போலவே வலையும் ஆகும்” – பாடக்கருத்துகளைக் கொண்டு விளக்குக.
2. சமூக வலைத்தளங்கள் எல்லார்க்கும் சமவாய்ப்பை வழங்குகின்றனவா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.

1. அவ்விடம்  2. இவ்வலுவலகம்  3. நற்சான்று  4. பெருஞ்செல்வம்

உ. செயல்பாடு

பாடத்திலுள்ள ‘செய்தி 1’ஐ உமது விருப்பத் துறைக்கு ஏற்றவாறு திருத்தி எழுதுக. எழுதியதை உம் வீட்டிலுள்ள ஒருவரிடம் படித்துக் காட்டி, “இதற்கு நீங்கள் விடையளிப்பீர்களா?” என்று கேட்டு, அவர் கூறியதை வகுப்பில் பகிர்க.